மருமகன் கட்டிய அருவி

இல்லை, அது பொறாமை இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மரியாதை, ஆசீர்வாதம் எல்லாம் அடுத்த பத்தியில். நேற்று போனில் நீ, "எம் மவன் நல்லா இருக்கது ஒனக்கு வயித்தெரிச்சலு. அதான் ஒத்தக் கையெழுத்துப் போட மாட்டேன்னு நிக்க. ஆடி கழியுததுக்குள்ள போடல, அப்புறம் அண்ணனும் இல்ல தங்கச்சியும் இல்ல, பாத்துக்க" என்று கத்திவிட்டு, நான் வாயைத் திறக்கும் முன்னால் போனை வைத்துவிட்டாய். திரும்பக் கூப்பிட்டால் உனக்குப் பதிலாக வேறு ஒரு பெண்பிள்ளை, நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர் வேறொரு அழைப்பில் இருக்கிறார் என்கிறாள். உன்னைவிட மரியாதையாகத்தான் பேசுகிறாள். ஆனாலும் அவளிடம் குடும்ப விஷயம் பேச முடியுமா? அதனால்தான் கடிதம்.

இனி மரியாதை. குத்துக்கல்வலசையில் வாசல் முழுக்கக் கண்ணாடி பதித்து, மாடிக்குப் போக லிப்டும் வைத்து, அந்த லிப்டில் ஏறப் பயந்து கீழ் அறையிலேயே வாசம் செய்கிற என் அருமைத் தங்கை முப்பிடாதியம்மாள் சமூகத்துக்கு, அண்ணன் மாடக்கண்ணு எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் என் மூட்டுவலியும் சண்டை சச்சரவில்லாமல் இருக்கிறோம். சாரல் நன்றாக விழுகிறது. துவைத்த வேட்டிதான் காயமாட்டேன் என்கிறது.

உனக்கு வாசிக்க வராது. எனக்கு அஞ்சாம் வகுப்போடு எழுத்து நின்றுபோனது. ஆகவே நடுவில் இருக்கிற காளீஸ்வரிக்கு ஒரு வார்த்தை. அம்மா காளீஸ்வரி, அந்த வீட்டில் சமையலும் நீதான், கடிதம் வாசிக்கிறதும் நீதான் என்று எனக்குத் தெரியும். இதைக் கண்ட நேரத்தில் வாசித்துவிடாதே. உங்கள் முதலாளி, அதாவது என் மருமகன் குத்தாலிங்கம், மத்தியானம் சாப்பிட உட்கார்ந்து, சோற்றில் குழம்பு ஊற்றிப் பிசைந்த பிறகு வாசி. கை சோற்றில் இருந்தால் மனுஷன் சட்டென்று எழுந்து போகமாட்டான். நல்ல சத்தமாக வாசி. எங்கே உனக்குச் சிரிப்பு வருகிறதோ அங்கே சிரிக்க வேண்டாம், உனக்கு வேலை போய்விடும்.

தங்கச்சி, "எம் மவன் எப்படி மேல வந்தான்னு ஒனக்குத் தெரியுமா" என்று கேட்டாய். எனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? ஆதியிலிருந்து எழுதுகிறேன், கேள். மருமகனே, நீயும் கேள், உன் சரித்திரத்தை உனக்கே வாசித்துக் காட்ட ஆள் கிடைப்பது லேசில்லை.

முதலில் அவன் தென்காசி ரயில்வே ஸ்டேஷனில் இருந்தான். வேலைக்கு இல்லை, வேட்டைக்கு. சீசன் நேரத்தில் வண்டி நிற்கும் முன்னாலேயே பெட்டிக்குள் ஏறி, தூக்கக் கலக்கத்தில் இருக்கிறவர்களின் பையைத் தூக்கிக்கொண்டு, "சார், ரூம் வேணுமா, அருவி பாத்த ரூம்" என்பான். பை போன வழியே குடும்பமும் போகும். அருவி பார்த்த ரூம் என்றால், ஜன்னலில் கழுத்தை வெளியே நீட்டி மேற்கே திருப்பினால் ஒரு மலை தெரியும், அந்த மலைக்குள்ளே எங்கேயோ அருவி இருக்கும். அதில் பொய் ஒன்றும் இல்லை. அருவி அவர்களைப் பார்க்கிறதா என்பதுதான் சந்தேகம். அப்புறம் குற்றாலத்தில் ஒரு பழைய லாட்ஜைக் குத்தகைக்கு எடுத்து, "அருவிச் சத்தம் கேட்டபடி உறங்கலாம்" என்று வாசலில் போர்டு வைத்தான். நானும் ஒரு ராத்திரி படுத்துப் பார்த்தேன். உண்மையிலேயே சோவென்று சத்தம். எழுந்து மொட்டைமாடிக்குப் போனால் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருக்கிறது. கீழே வந்து, "ஏலே குத்தாலம், தொட்டி வழியுதுல, மோட்டாரை நிப்பாட்டு" என்றேன். அவன் என் வாயைப் பொத்தி, "சத்தம் போடாதியும் மாமா. அவிய தூங்குத வரைக்கும் வழியட்டும்னு நான்தான் சொல்லி வச்சிருக்கேன்" என்றான். அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது, இந்தப் பயல் பெரிய ஆளாக வருவான் என்று. அதைப் பொறாமை என்றா சொல்லுவாய்? அது ஜோசியம்.

வந்துவிட்டான். மலையடிவாரத்தில், என் தோப்புக்குக் கீழண்டை, "தேன்சாரல் ராயல் ரிட்ரீட்" எழும்பிவிட்டது. குத்தாலிங்கம் என்ற பெயரில் குத்தாலத்தை வெட்டிவிட்டு லிங்கம் சார் ஆகிவிட்டான். குற்றாலத்தில் தொழில் செய்கிறவன் பெயரிலிருந்து குத்தாலத்தை எடுத்தால் என்ன மிச்சம் இருக்கும் என்று நான் கேட்டதற்கு, "பிராண்டிங் மாமா" என்றான். சரி, என்ன நோயோ என்று விட்டுவிட்டேன். அங்கே ஒவ்வொரு அறையிலும் குளிக்கிற தொட்டி படுக்கிற கட்டிலைவிடப் பெரிசு. நமக்குக் காய்ச்சல் வந்தால் அம்மா காய்ச்சிக் கொடுப்பாளே கஞ்சி, அதைச் செம்புக் கிண்ணத்தில் ஊற்றி, மேலே ஒரு கறிவேப்பிலையை நிறுத்தி வைத்து, வாயில் நுழையாத ஒரு பெயரையும் வைத்து, நாகர்கோவிலிலிருந்து வந்த மேனேஜர் எபனேசர் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வருவார். அதைக் குடித்து ஒரு வடநாட்டு அம்மாள் கண்ணீர் விட்டாளாம். ஆனந்தக் கண்ணீர் என்று எபனேசர் சொல்லுகிறார். மோர்மிளகாயைக் கடித்திருப்பாள் என்று நான் நினைக்கிறேன்.

அப்புறம் "கிராமத்து அனுபவம்" என்று ஒன்றை ஆரம்பித்தான். அதற்கு ஒரு வண்டி, ஒரு கிணறு, ஒரு கிழவன் வேண்டும். வண்டியை ராயகிரியில் வாங்கினான், கிணற்றைச் சிமெண்டில் கட்டினான், கிழவனுக்கு என்னைக் கூப்பிட்டான். எனக்கு ஒரு தலைப்பாகை, கையில் ஒரு கம்பு, மத்தியானம் அன்லிமிடெட் சாப்பாடு. நானும் போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். வருகிறவர்கள் எல்லாம் என் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். பெங்களூரிலிருந்து வந்த ஒரு அம்மாள் ரொம்ப நேரம் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "தாத்தா, நீங்க ஒரிஜினலா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா, நான் டூப்ளிகேட்டு. ஒரிஜினல் டீ குடிக்கப் போயிருக்கான்" என்றேன்.

சிரித்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நல்ல பிள்ளை. "இந்த இடம் முன்னாடி என்னவா இருந்துச்சு தாத்தா?" என்றாள்.

"வெறும் பாதைம்மா. ஊர்ச் சுடுகாட்டுக்குப் போற பாதை. இப்பவும் சுடலைமாடன் கோயில் கொடை அன்னைக்கு நடுராத்திரி சாமி சுடுகாட்டுக்கு வேட்டைக்குப் போவும்லா, இங்கன கூடித்தான் போவும்."

"இங்கன கூடின்னா, எந்தப் பக்கமா?"

"ஒங்க ரூம் நம்பர் என்னம்மா?"

இவ்வளவுதான் நான் கேட்டது. சாயங்காலத்துக்குள் அவளும், அவளோடு வந்த கூட்டமும், இதைக் கேள்விப்பட்ட பக்கத்து அறைக்காரர்களும் பெட்டியைக் கட்டிவிட்டார்கள். மருமகன் ஓடி வந்து தலையில் கைவைத்துக்கொண்டு நின்றான். "ஏன் மாமா இப்படிச் சொன்னீய?"

"கேட்டாவ, சொன்னேன்."

"ஒரு பொய் சொன்னா என்னவே கொறஞ்சு போவும்?"

"அது ஒன் டிபார்ட்மெண்டுல்லா, நான் எப்படி உள்ள வர?"

அத்தோடு என் உத்தியோகம் போனது. அந்த அம்மாள் செல்போனில் ஓட்டலுக்கு ஒரே ஒரு நட்சத்திரம் போட்டு, அந்தக் கிழவர் மட்டும் பிரமாதம் என்று எழுதிவிட்டுப் போனாளாம். அதை எபனேசர் எனக்கு வாசித்துக் காட்டினார். ஆக, அந்த ரிசார்ட்டில் இதுவரை ஒழுங்காக நட்சத்திரம் வாங்கினது நான் ஒருத்தன்தான். அதில் எங்கே இருக்கிறது பொறாமை?

இப்போது அருவிக்கு வருகிறேன். மருமகனே, குழம்பு ஆறுகிறது, சாப்பிட்டுக்கொண்டே கேள். குற்றாலத்தில் ஓட்டல் நடத்துகிறவனுக்கு உள்ள சங்கடம் என்ன? தண்ணீர் கூடினால் அருவியில் குளிக்கப் போலீஸ் தடை போட்டுவிடும். தண்ணீர் குறைந்தால் ஆளே வராது. லிங்கம் சார் யோசித்தார். யாரும் தடை போட முடியாத, எந்த மாசத்திலும் வற்றாத அருவி ஒன்றைச் சொந்தமாகக் கட்டிவிட்டால் என்ன? கட்டிவிட்டார். சிமெண்டுப் பாறை, பாறைக்குப் பாசி மாதிரி பச்சைப் பெயிண்டு, உச்சியில் ஒரு பிளாஸ்டிக் குரங்கு. நிஜக் குரங்குகள் அதைப் பார்த்துவிட்டு ரெண்டு நாள் சாப்பிடவில்லை. கீழே விழுகிற தண்ணீர் ஒரு தொட்டியில் சேரும், மோட்டார் அதையே இழுத்து மறுபடியும் மேலே ஏற்றும், அதே தண்ணீர் மறுபடியும் விழும். லாட்ஜில் பார்த்த தொட்டிதான். கொஞ்சம் படித்து முன்னுக்கு வந்திருந்தது.

திறப்புவிழாவுக்குத் தலைமை, கடன் கொடுத்த பேங்க் மேனேஜர் பால்வண்ணநாதன். குடும்பத்தோடு, கூட வேலை பார்க்கிறவர்களோடு வந்திருந்தார். நம்ம பக்கத்தில் அருவிக்குப் போகிறவன் எண்ணெய் தேய்க்காமல் போவானா? எண்ணெய் தேய்க்கிற ஆட்களை வரிசையாக நிறுத்தி, வந்த பேருக்கெல்லாம் உச்சி முதல் பாதம் வரை நல்லெண்ணெய். அப்படி ஒரு தேய்ப்பு. பளபளவென்று எல்லாரும் உளுந்தவடை மாதிரி வந்து அருவிக்குக் கீழே நின்றார்கள். ஐந்தருவியில் நின்றால் எண்ணெய் உடம்பை விட்டுத் தண்ணீரோடு போய்விடும். இங்கே எங்கே போகும்? தொட்டிக்குப் போனது. தொட்டியிலிருந்து மோட்டாருக்குப் போனது. மோட்டாரிலிருந்து மேலே போய், திரும்பவும் பால்வண்ணநாதன் தலையிலேயே விழுந்தது. நிற்க நிற்க அவர் எண்ணெய், அவர் சம்சாரத்தின் எண்ணெய், கேஷியரின் எண்ணெய் எல்லாம் கலந்து எல்லார் மேலேயும் சமமாக இறங்கியது.

"மிஸ்டர் லிங்கம், இந்த எண்ணெய் போகவே மாட்டேங்குதே" என்றார் அவர், கண்ணைத் திறக்க முடியாமல்.

"இன்னும் செத்த நேரம் நில்லுங்க சார், அருவி எடுத்துரும்."

நான் பந்தலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். "ஏலே, அருவி எடுக்கல, குடுக்குது" என்றேன். யாரும் காதில் வாங்கவில்லை. பால்வண்ணநாதன் வெளியே வரக் காலை வைத்தார், வழுக்கினார். பிடிக்கப் போன சர்வர் வழுக்கினான். சர்வரைப் பிடிக்கப் போன போட்டோகிராபர் கேமராவை மட்டும் உயரத் தூக்கியபடி உட்கார்ந்தவாக்கில் கடைசி வரை வழுக்கிக்கொண்டே போனார். அந்த மனுஷன் தொழில்பக்தியை நான் மெச்சுகிறேன். அப்போதுதான் எபனேசருக்கு ஒரு புத்தி வந்தது. சீயக்காய் போதாது, சோப்பு வேண்டும் என்று, அறை கழுவ வைத்திருந்த சோப்புத் தண்ணீரைக் கேன் கேனாகக் கொண்டுவந்து தொட்டியில் கவிழ்த்தார். மோட்டார் பாவம், அதற்கு என்ன தெரியும்? மேலே ஏற்றியது.

தங்கச்சி, நுரை என்றால் அப்படி ஒரு நுரை. முதலில் அருவி மறைந்தது. அப்புறம் குரங்கு மறைந்தது. அப்புறம் பேங்க் மறைந்தது. ரிசப்ஷனில் சாமிபடத்துக்கு முன்னால் ஏற்றி வைத்த குத்துவிளக்கு அணைந்தது. நுரை பின்சுவரைத் தாண்டி ஓடையில் இறங்கி, ஓடை வழியாகக் குளத்துக்குப் போனது. குளத்தில் கிடந்த குத்தகைக்காரன் எருமைகள் எல்லாம் கழுத்து வரைக்கும் வெள்ளையாக எழுந்து கரையேறி வர, கரையில் நின்ற பிள்ளைகள் அதைப் படம் எடுத்து, குற்றாலத்தில் பனி விழுகிறது என்று ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டார்கள். மறுநாள் மதுரை, சிவகாசி, எங்கேயெல்லாமோ இருந்து சனங்கள் குரங்குக்குல்லாய் மாட்டிக்கொண்டு வேனில் வந்து இறங்கி, "அண்ணாச்சி, பனி எங்கன விழுது?" என்று என்னிடம் கேட்டார்கள். "உள்ள போயி எபனேசர்னு கேளுங்க, அவருதான் ஊத்துதாரு" என்று அனுப்பிவைத்தேன். உன் மகன் லேசுப்பட்டவனா? பனி பார்க்க வந்தவர்களுக்கும் அறை கொடுத்தான். ரிசார்ட் நிரம்பி வழிந்தது. அந்தச் சாமர்த்தியத்துக்கு மட்டும் நான் தலையில் கட்டிய துண்டை அவிழ்க்கிறேன்.

ஆனால் குளத்து மீன் அப்படிச் சாமர்த்தியம் உள்ளது இல்லை. அது செத்து மிதந்தது. பாசனக்காரர்கள் திரண்டு வந்து, அதிகாரிகளும் வந்து, மோட்டாருக்குச் சீல் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். சுற்றிச் சுற்றி வருகிற தண்ணீர் இனிமேல் கூடாது, மோட்டார் இல்லாமல் அருவி விழ மேலேயிருந்து ஓடுகிற தண்ணீர் வேண்டும். ஓடுகிற தண்ணீர் எங்கே இருக்கிறது? மலையிலிருந்து இறங்கி என் தோப்புக்குள் வருகிற ஓடையில் இருக்கிறது. அதுதான் இப்போது நமக்குள் நடக்கிற சண்டைக்கு மூலம்.

போன வாரம் திருநெல்வேலி அல்வாவும், டைப் அடித்த பத்திரமும், ஒரு வக்கீலுமாக மருமகன் வந்தான். அல்வாவை முதலில் வைத்தான். எனக்குப் பல் இல்லை என்பதை நினைவு வைத்திருக்கிறான், பாசக்காரப் பிள்ளை.

"மாமா, ஒரு சின்னக் குழாய்தான். ஓடையில எடுத்து ஒம்ம தோப்பு வழியாக் கொண்டு போறோம். தண்ணி சர்க்கார் தண்ணி, அதுக்கு வேண்டியதை நான் பாத்துக்கிடுதேன். தோப்புக்கு மட்டும் நீரு ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்."

"குழாய் எத்தாம் பெருசுல?"

பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து ஒரு வளையல் அளவு காட்டினான். வக்கீல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

"சின்னக் குழாய்னா சரி. நேத்து ஒன் பின்வாசல்ல லாரியில வந்து எறங்குச்சே, அது எதுக்கு? அதுக்குள்ள என் கன்னுக்குட்டி இந்தப் பக்கமாப் போயி அந்தப் பக்கமா வந்துச்சு. திரும்பி வந்த பொறவுதான் நான் பிடிச்சுக் கட்டினேன்."

"அது பியூச்சருக்கு மாமா."

"குளத்துக்குப் பியூச்சரு?"

"குளத்துக்கு மழை பெய்யும்லா மாமா. நீரு என்ன, குளத்துக்காரனுக்கா மாமன், எனக்கா மாமன்?"

நல்ல கேள்விதான். வாயில் இருந்த அல்வாவை விழுங்கப் போனேன். அதற்குள் அவன் எழுந்து, "ஒம்ம தோப்புல பாம்பும் பன்னியும்தான் வே வாசம் பண்ணுது. நான் ஊருக்குப் பேரு வாங்கித் தாரேன். அந்தப் பொறாமை ஒமக்கு" என்று சொல்லிவிட்டுப் போனான். நீ போனில் சொன்ன அதே வார்த்தை. தாயும் மகனும் ஒரே வார்த்தையைப் பங்குபோட்டு வைத்திருக்கிறீர்கள்.

அந்தப் பேச்சுக்கு இப்போது பதில் எழுதுகிறேன். ஓடை வறண்டால் குளம் வறளும். குளம் வறண்டால் கீழே நாற்று நட்டிருக்கிறவன் எல்லாம் லிங்கம் சார் அருவியில் தாளம் தட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அவர்கள் வந்து என் வாசலில் உட்கார்ந்தார்கள். ஒருத்தனும் சத்தம் போடவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போனார்கள், அவ்வளவுதான். ஏசினால்கூடச் சமாளித்திருப்பேன். ஆகையால் நீ ஆடி கழிகிற வரைக்கும் என்ன, அடுத்த ஆடி கழிகிற வரைக்கும் பேசாமல் இருந்தாலும், அந்தத் தோப்பு வழியே குழாய் போக மாடக்கண்ணு கையெழுத்துப் போடமாட்டான். என்னைத் தூக்கிக் கட்டையில் வைத்த பிறகு பெருவிரலைப் பிடித்து உருட்டினாலும் மை ஒட்டாது. எழுதி வைத்துக்கொள்.

கோபமாக எழுதிவிட்டேன் என்று நினைக்காதே. கோபம் இல்லை என்பதற்கு, மருமகனுக்குப் பிடித்த கதை ஒன்றைச் சொல்லுகிறேன். ஊர் உலகத்தை எல்லாம் அருவியில் நனைக்கிற லிங்கம் சார், தான் மட்டும் ஏன் வாளியில் வெந்நீர் போட்டுக் குளிக்கிறார் என்று காளீஸ்வரிக்குத் தெரியுமா? தெரியாது. கேள் அம்மா. அப்போது அவன் சின்னப் பையன். பழைய குற்றாலத்துக்குக் கூட்டிப்போயிருந்தேன். எண்ணெய் தேய்க்கிற வரைக்கும் வீரனாகத்தான் இருந்தான். அருவிக்குக் கீழே தலையைக் கொடுத்ததுதான் தாமதம், எம்மா என்று ஒரு அலறல். என் கையிலிருந்து வழுக்கிக்கொண்டு ஓடுகிறான். பிடிக்க முடியுமா? உடம்பெல்லாம் எண்ணெய். பத்துப் பேர் பிடித்தார்கள், பத்துப் பேர் கையிலிருந்தும் வழுக்கினான். அவன் டவுசர் என்னிடம். ஓடின வேகத்தில் பாறை மேல் யாரோ ஒரு ஆச்சி காயப்போட்டிருந்த சிவப்புச் சேலையை உருவிச் சுற்றிக்கொண்டு, முக்காடும் போட்டுக்கொண்டு, நேரே ரோட்டுக்கு வந்து செங்கோட்டை பஸ்ஸில் ஏறிவிட்டான். ஏறினவன் பேசாமல் நின்றிருக்கலாம். பெண்கள் சீட்டில் போய் உட்கார்ந்தான். கண்டக்டர் பக்கத்தில் வந்து, "ஏ பாப்பா, ஒனக்கு எங்கன எறங்கணும்?" என்று கேட்க, நம்ம லிங்கம் சார் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, தலையைக் குனிந்து, கீச்சுக் குரலில் —

சரி. இந்நேரம் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டிருக்கும். பிசைந்த சோறு தட்டில் இருக்கும், கை கழுவாமல் காரில் ஏறியிருப்பான். சாவி, ஸ்டீயரிங் எல்லாம் குழம்பு. போகட்டும். குத்தாலநாதர் கிருபையால் நீயும், அவனும், அந்த வீட்டு லிப்டும் மேலும் மேலும் உயர வேண்டும் என்று வாழ்த்தி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அண்ணன்
மாடக்கண்ணு

பின்குறிப்பு: காளீஸ்வரி, வாசலை எட்டிப் பார். கார் போய்விட்டதா? போய்விட்டதென்றால் கதவைச் சாத்திவிட்டு வா. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாக வாசி. வாசித்ததை நீ மறந்துவிட வேண்டும்.

ஏட்டி முப்பிடாதி, அவன் எழுந்து போகணும்னுதான் அந்தச் சேலைக் கதையைக் கடைசியில வச்சேன். இனி எழுதுறது ஒனக்கு மட்டும்.

நான் கையெழுத்துப் போடமாட்டேன்னு மேல வீராப்பா எழுதியிருக்கேன்லா. அது முழுக்க வீண். ஏன்னா அந்தத் தோப்புல என் கையெழுத்துக்கு மூணு காசு மதிப்பு கிடையாது. ஓடைக்கரைத் தோப்பு என்னுது இல்ல. ஒன்னுது.

ஒன் புருசன் தவறி, நீ இடுப்புல குத்தாலத்தை வச்சுக்கிட்டு நம்ம வீட்டு நடையில வந்து நின்னேல்லா, அந்த வருசமே நம்மளப் பெத்த அய்யா என்னையும் கூட்டிக்கிட்டு தென்காசிப் பத்திர ஆபீசுக்குப் போயி, ஓடைக்கரையை ஒன் பேருக்கு எழுதிப் பதிஞ்சுட்டாரு. வெளிய வரும்போது என் கையப் பிடிச்சுக்கிட்டு, "அவளுக்குத் தெரிய வேண்டாம்ல. தெரிஞ்சா நாளைக்கே மவனுக்குன்னு தூக்கிக் குடுத்துருவா. அவளுக்குன்னு ஒரு மண்ணு கெடக்கட்டும். நீ பாத்துக்க"ன்னாரு. நான் பார்த்துக்கிட்டேன். நான் பார்த்துக்கிட்டதால ஊரே அதை மாடக்கண்ணு தோப்புன்னு சொல்லுது. ஒன் மவனும் அப்படியே நெனச்சான், பத்திரம் டைப் அடிச்ச வக்கீலும் வில்லங்கம் போட்டுப் பார்க்கல. பொம்பளை பேருல தோப்பு இருக்கும்னு அந்தப் படிச்ச மூளைக்குத் தோணவே இல்ல. வருசா வருசம் பொங்கலுக்கு நான் சீர்னு அனுப்புத தேங்காயெல்லாம் ஒன் மரத்துத் தேங்காய்தாம்டி. "அண்ணன் இந்த வருசமும் சொத்தைக் காயா அனுப்பியிருக்கான்"னு நீ ஏசினேல்லா, ஒன் தோப்பைத்தான் நீயே ஏசிக்கிட்ட.

அய்யா சொன்ன வார்த்தையை மீறிச் சொல்லுதேன். இனி மறைச்சா அது காவல் இல்ல, களவு. இதை அவன் இருக்கும்போது சொன்னா, சாப்பாட்டு மேஜையிலயே ஒன் பெருவிரல்ல மை தடவிருவான். அவன் முகத்தைப் பார்த்தா ஒனக்கு மாட்டேன்னு சொல்ல வராது, எனக்குத் தெரியும்.

அதனால காளீஸ்வரியைக் கூட்டிக்கிட்டு வா. கார் வேண்டாம், பஸ்ஸுல வா. தோப்புக்குள்ள ஓடைத் தண்ணியில காலை வச்சு உக்காரு. பொறவு குளத்துக்கரை வரைக்கும் நடந்து போயிட்டு வா. அங்கன நிக்கவங்க ஒன்கிட்ட ஒண்ணும் கேக்கமாட்டாவ. அதுக்கு அப்புறமும் குடுக்கணும்னு தோணுச்சுன்னா குடு. ஒன் தோப்பு, ஒன் மவன். நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். பத்திரத்தை நானே பெட்டியிலருந்து எடுத்துத் தாரேன். குடுக்க மனசு வரலன்னா, அதையும் நீதான் அவன்கிட்டச் சொல்லணும். இத்தன நாளும் மாட்டேன்னு சொல்லி ஏச்சு வாங்கினது நான். இனி என்னால ஒளிச்சு வைக்க முடியாது.

அவன் ராத்திரி திரும்பி வந்து, "அந்தக் கெழவன் இன்னும் என்ன எழுதியிருந்தான்"னு கேப்பான். "சுகமா இருக்கியான்னு கேட்டிருந்தாம்ல"ன்னு சொல்லு. நானும் அதைத்தாம்டி கேக்கேன்.